வலி இல்லை என்று பதிவானது

பலாலி விமான நிலையத்தில் குடிவரவு மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர் என் கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு, “என்ன அலுவலா வந்தனீங்கள், ஐயா?” என்று கேட்டார்.

“சுற்றிப் பார்க்க” என்றேன்.

“கீரிமலைக் கேணிக்குப் போங்கோ. குளிக்கத் துவாய் கொண்டுபோக மறக்காதேங்கோ” என்று முத்திரை குத்தினார்.

நல்ல பிள்ளை. நான் சொன்னது பொய். எழுபத்து மூன்று வயதில் ஒரு பொய்யைத் திருத்த வந்த இடத்தில், வாயைத் திறந்ததும் இன்னொரு பொய் வந்தது.

சென்னையில் இருபத்தாறு ஆண்டுகள் ஒரு மென்பொருள் நிறுவனத்தை நடத்தினேன். தொலைபேசியில் மனிதர் பேசுவதைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் கருவிகள் செய்வது எங்கள் தொழில். அவற்றில் ஒன்று, எலும்பு முறிந்து மாக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்ட நோயாளிகளைக் காலையிலும் மாலையிலும் அழைக்கும். ஒரு பெண் குரலில், வலி இருக்கிறதா, விரல் வீங்கியிருக்கிறதா, காய்ச்சல் உண்டா என்று கேட்கும். வலி இல்லை என்று முதல் கேள்விக்குப் பதில் வந்தால் மற்ற இரண்டையும் கேட்காமல் நன்றி சொல்லி வைத்துவிடும். அப்படிச் சுருக்கச் சொன்னது நான்தான்.

யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் சிகிச்சை நிலையம் அதை வாங்கியது. அங்கே ‘ஆம்’ என்பதை ‘ஓம்’ என்பார்கள் என்று தெரிந்து அதைச் சேர்த்திருந்தோம். அந்த ஒரு சொல்லைச் சேர்த்த பெருமையை மேடைகளில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். விட்டுப்போனது இன்னொரு சொல். நாம் வலி என்பதை அவர்கள் நோ என்பார்கள். கால் நோ, முதுகு நோ. கடையில் விற்கும் தைலத்துக்கே நோ எண்ணெய் என்றுதான் பெயர். சென்னைப் பேச்சைக் கேட்டு வளர்ந்த எங்கள் கருவிக்கு ‘நோ’ என்பது ஆங்கிலம். இல்லை என்று பொருள்.

விட்டுப்போனது என்று எழுதினேன். அதுவும் சரியல்ல. எனக்குத் தெரியும். எங்களுக்காக யாழ்ப்பாணத்தில் கருவியைச் சோதித்துக்கொண்டிருந்த சுகந்தி என்ற பெண் முன்கூட்டியே எழுதியிருந்தார்: “சேர், இங்கே நோ என்றால் வலி.” ஒற்றை வரி. அடுத்த கூட்டத்தில், திரையில் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, “கோடிக்கணக்கான பேருக்காகச் செய்கிற கருவி இது, சுகந்தி. உங்கள் ஊர்த் தெருவுக்காக அல்ல. அடுத்த பதிப்பில் பார்ப்போம்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரித்தால் சிரிப்பவர்களைத்தான் நான் வேலைக்கு வைத்திருந்தேன்.

இரண்டு மாதத்தில், பருத்தித்துறையில் யோகன் என்ற பஸ் நடத்துனருக்கு மாக்கட்டு இறுகி, இரத்தம் ஓடாமல், முழங்காலுக்குக் கீழே காலை எடுக்கவேண்டியதாயிற்று. மூன்று நாளில் ஆறு தடவை எங்கள் கருவி அவரை அழைத்திருந்தது. ஆறு தடவையும் ‘வலி இல்லை’ என்று பதிவானது. சிகிச்சை நிலையம் விளக்கம் கேட்டது. ‘கருவி பிழையின்றி இயங்கியது, வலி இல்லை என்று நோயாளியே ஆறு முறை கூறியுள்ளார்’ என்று அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டேன். உண்மையைச் சொல்ல மருத்துவரிடம் ஓடிய சுகந்தியை வேலையிலிருந்து நீக்கினேன். ‘நீக்கப்பட்ட ஊழியரின் காழ்ப்பு’ என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இப்போது நிறுவனம் என் மகன் கார்த்திக்கின் கையில். போன வாரம் சுகந்தியிடமிருந்து மீண்டும் ஒரு வரி: “சேர், வெள்ளிக்கிழமை இன்னும் ஆறு நிலையங்கள் உங்கள் கருவிக்குக் கையெழுத்திடுகின்றன. நோ இன்னும் திருத்தப்படவில்லை.” நோயாளிக்குச் சொல்லாத பதிவையும் வாய்விட்டுச் சொல்லும் எங்கள் சோதனை எண்ணை அழைத்து, “நோ” என்று சொல்லிப் பார்த்தேன். “வலி இல்லை என்று பதிவு செய்யப்பட்டது. நன்றி” என்றது அந்தக் குரல்.

அதனால்தான் வந்தேன். கீரிமலையை இன்றுவரை பார்க்கவில்லை.

*

செவ்வாய்க்கிழமை. சுகந்தியின் வீடு அச்சுவேலியில். ஆட்டோக்காரர் வழி நெடுக வெங்காயத் தோட்டங்களைக் காட்டிக்கொண்டே வந்தார். சிவப்பு மண், வரப்பு வரப்பாகப் பச்சை. சென்னையில் இத்தனை தூரத்துக்கு எட்டுச் சிக்னல்களும் ஒரு சண்டையும் இருந்திருக்கும். இங்கே ஒரு மாடுதான் மறித்தது; ஆட்டோக்காரர் ஹார்ன் அடிக்காமல் அது போகும்வரை நின்றார்.

சுகந்தி படலையைத் திறந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். அதுவரை திரையில்தான் பார்த்திருக்கிறேன். “வாங்கோ சேர்” என்றார். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தேநீரும் சீனி தூவிய பணிஸும் வந்தன. அவர் உட்காரவில்லை.

“நான் உங்களை வரச் சொல்லேல்லையே.”

“இல்லை. மன்னிப்புக் கேட்க—”

“அது பேந்து பாப்பம். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். அதுக்கு நீங்கள் வருவியளோ, மாட்டியளோ?”

“வருவேன்.”

“வந்து?”

நான் பதில் சொல்லுமுன் அவருடைய கைபேசி ஒலித்தது. அவர் இப்போது கொக்குவிலில் நான்கு பேரோடு ஒரு சிறு நிறுவனம் நடத்துகிறார். மரக்கறி ஏற்றும் லொறி எத்தனை மணிக்கு எந்தச் சந்திக்கு வரும் என்று தோட்டக்காரர்களுக்குத் தொலைபேசியில் சொல்லும் கருவி. அதற்குப் புரியாத பேச்சு வந்தால், அல்லது யாராவது கத்தினால், அழைப்பு நேரே இவருடைய கைபேசிக்கு வந்துவிடும். இம்முறை கத்தியவரின் குரல் எனக்கே கேட்டது.

“பிள்ளை! உன்ரை மிசின் ஏழு மணி எண்டது. லொறி ஆறுக்கே போட்டுது! பீற்றூட் மூட்டையோடை நான் றோட்டிலை விசரன் மாதிரி நிக்கிறன்!”

“என்ரை பிழை அண்ணை. நேற்று நேரம் மாத்தினது நான்தான், திருப்பிச் சரிபாக்கேல்லை. லொறிக்காரரைத் திரும்ப அனுப்புறன். அங்கையே நில்லுங்கோ.”

“உன்ரை மிசினைக் கொண்டுபோய்க் கிணத்துக்கை போடு!”

“போடுறன் அண்ணை. முதல் லொறி வரட்டும்.”

மறுமுனையில் அந்த மனிதர் சிரித்துவிட்டார். நான் பணிஸைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு ஆண்டுகளில் என் கைபேசி எண் ஒரு வாடிக்கையாளரிடமும் இருந்ததில்லை. ‘என் பிழை’ என்று நான் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். “வந்து என்ன சொல்லப்போறியள் சேர்?”

“அந்த அறிக்கை பொய் என்று.”

“நாளைக்கு யோகனிட்டைப் போங்கோ. முதல் அவரிட்டைச் சொல்லுங்கோ. தனியப் போங்கோ, நான் வரமாட்டன். அவருக்குச் சொல்ல ஏலாட்டி வெள்ளிக்கிழமையும் சொல்ல ஏலாது.”

*

புதன்கிழமை தவறான பஸ்ஸில் ஏறினேன். சாலையின் எந்தப் பக்கம் நிற்பது என்று யாரையும் கேட்கவில்லை; கேட்டுப் பழக்கமில்லை. நான்கு நிறுத்தம் தாண்டியபின் நடத்துனர் சொன்னார்: “ஐயா, பருத்தித்துறை உங்கடை முதுகுக்குப் பின்னாலை கிடக்கு. நாங்கள் யாழ்ப்பாணம் போறம்.” பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “நிறுத்துங்க” என்றேன். “‘இறக்கம்’ எண்டு சொல்லுங்கோ” என்று பக்கத்தில் இருந்த அம்மா சொல்லிக்கொடுத்தார். “இறக்கம்” என்றேன். நின்றது.

எதிர்ப்பக்க பஸ் வல்லை வெளியைக் கடந்தபோது காற்று சன்னல் வழியே முகத்தில் அறைந்தது. இருபுறமும் நீரும் உவர் நிலமும். நான் சொல்லவேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் கொஞ்சமாக மென்மையாகிக்கொண்டே போயிற்று.

பருத்தித்துறை நிலையத்தில் ஒரு சிறிய கூண்டு. உள்ளே ஒலிவாங்கி, நேர அட்டவணை, ஒரு ஊன்றுகோல். பஸ்களை நேரத்துக்கு அனுப்பும் நேரக்காப்பாளராக இப்போது யோகன் அங்கே இருக்கிறார். நாற்பத்தைந்து வயது, வெட்டிவிட்ட மீசை. தட்டைவடைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“இந்தியாவோ? படம் எடுக்க வந்தனீங்களோ? என்னை வச்சு எடுங்கோ. பாதிச் சம்பளம் காணும், பாதிக் கால்தானே.”

நான் யார் என்று சொன்னேன். நீட்டிய கையை அவர் மடக்கவில்லை. வடையை வாங்கிக்கொண்டேன். அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

“அந்தப் பிள்ளை உங்கடையோ?” என்றார்.

“எந்தப் பிள்ளை?”

“டெலிபோனிலை கதைக்கிற பிள்ளை. நல்ல குரல். விடிய ஆறரைக்கு எடுக்கும். நான் மிசின் எண்டு நினைக்கேல்லை. ஒழுங்காத்தான் சொன்னனான். ‘நோ, பிள்ளை. சரியான நோ. இரவிரவா நித்திரை இல்லை’ எண்டு. அது, நன்றி, பதில் மருத்துவருக்கு அனுப்பியாச்சு எண்டுது. மனிசி, வெளிக்கிடுங்கோ, கொண்டுபோய்க் காட்டுவம் எண்டு கத்தினவள். நான்தான், ஏனடி, டொக்டருக்குத் தெரியும்தானே, அவசரம் எண்டாக் கூப்பிடுவார் எண்டனான்.”

“யோகண்ணை!” என்று ஒரு நடத்துனர் தலையை நீட்டினார். “உவன் இன்னும் வெளிக்கிடேல்லை. எங்கடை நேரத்தைத் தின்னுறான்!”

யோகன் ஒலிவாங்கியை எடுத்தார். “பத்து இருபது பஸ்! என்ன, பொம்பிளை பாக்கவோ நிக்கிறாய்? வெளிக்கிடு!” நிலையமே சிரித்தது. ஒலிவாங்கியை வைத்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

“கால் போனது போகட்டும். காலை எடுத்தாப் பிறகு டொக்டர் உங்கடை கடிதத்தை மனிசிக்கு வாசிச்சுக் காட்டினவர். நான் ஆறு தரம் வலி இல்லை எண்டு சொன்னனாம். அவள் நம்பிப்போட்டாள். ‘என்னட்டை நோகுது எண்டு அழுதிட்டு, அந்தப் பெட்டையின்ரை குரலைக் கேட்டோடனை வீரம் வந்திட்டுதோ’ எண்டு கேட்டாள். மூண்டு வருசமா அதே பார்வை. நான் சொன்னனான் எண்டு எத்தினை தரம் சொல்லுறது? கடதாசியிலை இருக்கே.”

ஒத்திகை பார்த்த வாக்கியம் எனக்கு வரவில்லை. வேறொன்று வந்தது.

“உங்கள் ஆறு பதிலும் ஒலிப்பதிவாக இருந்தது. நான் கேட்டேன். கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.”

“கேட்டனீங்களோ?”

“ஆறையும்.”

“பேந்து?”

“போட்டேன்.”

அவர் அட்டவணையின் தாளைப் புரட்டினார். பிறகு மறுபடி முன்பக்கத்துக்கே புரட்டினார். “இப்ப போங்கோ, ஐயா. நான் வேலையிலை இருக்கிறன். உங்களுக்குக் கை நீட்டினா வேலை போயிடும்.”

எழுந்தேன். மூன்று அடி வைத்ததும் ஒலிவாங்கி இல்லாமலே அவர் குரல் பின்னால் வந்தது. “மன்னிப்பு எண்டு ஒண்டும் கொண்டு வராதேங்கோ. நான் நோ எண்டுதான் சொன்னனான் எண்டு எழுதிக் கொண்டுவாங்கோ. என்ரை மனிசி வாசிக்கிறமாதிரி.”

*

வியாழக்கிழமை விடியலிலிருந்து மழை. தங்கியிருந்த அறைக்குக் கீழே சாப்பாட்டுக் கடை. இடியப்பமும் சொதியும். நம் ஊரில் தேங்காய்ப்பாலில் சர்க்கரை போட்டுத் தருவார்கள். இங்கே மஞ்சளும் பச்சைமிளகாயும் எலுமிச்சையும். மூன்றாவது இடியப்பத்தில் கார்த்திக் அழைத்தான்.

“அப்பா, எங்க இருக்கீங்க? அம்மா ராமேஸ்வரம்னு சொல்றாங்க. யாழ்ப்பாணத்துலயா?”

“ஆமாம்.”

“நாளைக்கு மீட்டிங்குக்கு மட்டும் போகாதீங்க. ப்ளீஸ். அந்த வேர்டைப் போட்டுக்கலாம்பா. அடுத்த வெர்ஷன்ல.”

“மூணு வருஷமா அடுத்த வெர்ஷன் வரலையே.”

“நீங்கதானே சொன்னீங்க, ஒரு ஊருக்காகத் தொட்டா மத்த இடத்துல கெடும்னு? நீங்க போட்ட ரூல்தான் நான் ஃபாலோ பண்றேன்.” பிறகு, “ரிப்போர்ட்ல உங்க கையெழுத்து இருக்கு. அது பொய்னு நீங்களே சொன்னா கோர்ட், கேஸ்னு போகும். உங்க வயசுல இதெல்லாம் வேணுமா?” என்றான்.

அவன் கெட்டவன் இல்லை. நான் வளர்த்தபடி வளர்ந்தவன்.

அறைக்குப் போய்ப் பெட்டியை அடுக்கினேன். இதை மறைக்க விரும்பவில்லை. விமானம் சனிக்கிழமைதான், ஆனாலும் அடுக்கினேன். சட்டைகளை மடித்துவைத்துப் பூட்டி, கட்டிலில் உட்கார்ந்து, சுகந்திக்கு ‘உடல்நிலை சரியில்லை’ என்று எழுதினேன். அனுப்பவில்லை. பிறகு, காரணம் எதுவும் தோன்றாமலே, சோதனை எண்ணை அழைத்து, யோகன் சொன்ன மாதிரியே சொன்னேன்: “நோ, பிள்ளை. சரியான நோ.”

“வலி இல்லை என்று பதிவு செய்யப்பட்டது. நன்றி.”

எழுதியதை அழித்தேன். பெட்டியைத் திறக்கச் சாவி அகப்படாமல் அரைமணி நேரம் தேடினேன்.

*

வெள்ளிக்கிழமை. கொக்குவிலில் ரயில் கடவை மூடிக் கிடந்தது. பத்தாக ஐந்து நிமிடம். “எப்போது திறக்கும்?” என்றேன்.

“ரெயில் போனாப் பிறகு” என்றார் ஆட்டோக்காரர்.

“ரயில் எப்போது வரும்?”

“அது வந்தாத்தான் தெரியும், ஐயா. உங்கடை ஊரிலை முதலே சொல்லுவினமோ?”

இறங்கி நடந்தேன். பத்தே காலுக்கு, வேர்வையோடும் சேற்றுச் செருப்போடும் மண்டபத்துக்குள் நுழைந்தபோது சுவரில் பெரிதாக என் மகனின் முகம். சென்னையிலிருந்து பேசிக்கொண்டிருந்தான். மேசையைச் சுற்றி ஆறு நிலையங்களின் பொறுப்பாளர்கள். நடுவில், மூன்று ஆண்டுகளாக அந்தக் கருவியைப் பயன்படுத்தும் மருத்துவர் மனோகரன். அவரும் நானும் சந்தித்ததில்லை. மூலையில் சுகந்தி, அவரைக் கூட்டத்தில் இருக்க அனுமதித்திருந்தார்கள், பேச அனுமதிக்கவில்லை.

நான் என் பெயரைச் சொன்னேன். “மூன்று ஆண்டுகளுக்கு முன் உங்களுக்கு வந்த அறிக்கை பொய். யோகன் ஆறு முறையும் நோ என்றார். கருவி அதை இல்லை என்று எழுதிக்கொண்டது. அது எனக்குத் தெரிந்திருந்தது. இந்தப் பெண் சொன்னது உண்மை. இன்றும் கருவி அப்படித்தான் எழுதுகிறது.”

சுவரிலிருந்து கார்த்திக்கின் குரல் நிதானமாக வந்தது. “மன்னிக்கணும், டாக்டர். அப்பாவுக்கு வயசாகிடுச்சு. கொஞ்ச நாளா பழைய விஷயங்களைக் குழப்பிக்கிறார்.”

யாரோ ஒருவர் மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. இதற்குமுன் அதை மேசையின் மறுபக்கத்திலிருந்துதான் கேட்டிருக்கிறேன்.

மருத்துவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடினார். “இடைக்கிடை ஆக்கள் நோவோடை நேரிலை வந்து நிக்கிறவை. ஏன் டெலிபோனிலை சொல்லேல்லை எண்டு நான் ஏசியிருக்கிறன். அவையும் சொன்னனாங்கள் எண்டுதான் சண்டை பிடிச்சவை.” நிறுத்தினார். திரையை நோக்கித் திரும்பினார். “இண்டைக்கு விடிய வலி இல்லை எண்டு சொன்ன ஆக்கள் எத்தினை பேர்?”



 திரையில் என் மகன் கீழே பார்த்து விசைகளைத் தட்டினான். “பதினாலு பேர், டாக்டர்.” குரல் மாறியிருந்தது. “லிஸ்ட் அனுப்பறேன். இப்பவே. அழைப்புகளை நிறுத்தறேன்.”

அதன்பின் அங்கே கூட்டம் இல்லை. மருத்துவர் அந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி நான்காகக் கிழித்தார். அவர், அவருடன் வந்திருந்த தாதி, சுகந்தி, நான். என் பங்குக்கு மூன்று எண்கள். அவசரத்தில் முதல் எண்ணைத் தவறாக அழுத்தினேன்.

“வலி எண்டு கேளாதேங்கோ சேர்” என்றார் சுகந்தி, தன் கைபேசியைக் காதில் வைத்தபடியே. “நோகுதோ எண்டு கேளுங்கோ.”

முதலாமவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றுமில்லை, நல்ல சுகம் என்றார். இரண்டாமவர் முதலில் எடுக்கவில்லை, பத்து நிமிடம் கழித்து எடுத்தார், நோ இல்லை, கடிதான் என்றார். மாக்கட்டுக்குள் அரிப்பாம். மூன்றாமவர் மட்டுவிலில் ஒரு அம்மா. கிணற்றடியில் வழுக்கி விழுந்தவர்.

“அம்மா, கால் நோகுதா?”

“என்ன விளையாடுறியளோ? நேற்றுப் பின்னேரமும் சொன்னனான், இண்டைக்கு விடியவும் அந்தப் பிள்ளைக்குச் சொன்னனான், நோ, தாங்க ஏலாத நோ எண்டு! எத்தினை பேருக்குச் சொல்லுறது?”

“விரலை அசைக்க முடிகிறதா, அம்மா?”

“விரல் ஆரோ ஒராளின்ரை விரல் மாதிரிக் கிடக்கு.”

“என்ன நிறத்தில் இருக்கிறது?”

அவர் யாரையோ கூப்பிட்டார். ஒரு பெண் குரல் தூரத்தில், “மாமி, நீலம் பாரிச்சுக் கிடக்கு” என்றது.

“டாக்டர்!” என்று கத்தினேன். என் வாழ்நாளில் ஒரு கூட்டத்தில் நான் அப்படிக் கத்தியதில்லை. மருத்துவர் கைபேசியைப் பறித்தார். “அம்மா, நான் மனோகரன். ஒண்டும் யோசியாதேங்கோ. ஓட்டோ ஒண்டு பிடிச்சு உடனை வெளிக்கிடுங்கோ. சாப்பிட வேண்டாம், உடுப்பு மாத்த வேண்டாம். இப்பவே.” பேசிக்கொண்டே வெளியே ஓடினார். அவருடைய காரின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

பதினான்கு பேரில் மூவருக்கு நோ இருந்தது. இருவருக்கு மாக்கட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும் என்றார்கள். மட்டுவில் அம்மாவைப் பற்றித் தகவல் இல்லை. ஆறு நிலையத்தாரும் ஒருவர்பின் ஒருவராக எழுந்து போனார்கள். தாள்கள் கையெழுத்தில்லாமல் மேசையில் கிடந்தன. சுவரில் கார்த்திக் இன்னும் இருந்தான். தன் பக்கத்து ஒலியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தான்.  அழைப்பைத் துண்டிக்கவில்லை.

மூன்று மணிக்குச் சுகந்தியின் கைபேசி ஒலித்தது. மாக்கட்டை நீளப் பிளந்துவிட்டார்கள். அரைமணி நேரத்தில் விரல்களுக்கு நிறம் திரும்பியது. இன்னும் இரண்டு மணித்தியாலம் பிந்தியிருந்தால் சொல்ல ஏலாது என்று மருத்துவர் சொன்னாராம்.

கார்த்திக் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். பிறகு திரை இருண்டது.

சுகந்தி ஒரு வெள்ளைத் தாளை என்முன் வைத்தார். “யோகனுக்கு.”

எழுதினேன். நான் எழுதத் தெரிந்தவன். எத்தனையோ அறிக்கைகள் எழுதியவன். ‘தங்கள் விடயத்தில் தவறு நேர்ந்தது’ என்று தொடங்கினேன். சுகந்தி தோளுக்கு மேலே நின்று வாசித்தார்.

“நேர்ந்தது எண்டா என்ன சேர்? மழை மாதிரித் தானா வந்ததோ?”

அந்தத் தாளைக் கிழித்தேன். ‘நான் தவறு செய்தேன்’ என்று எழுத, கேட்பவர்களுக்கு நம்புவது கடினம், வெகுநேரம் ஆயிற்று.

*

சனிக்கிழமை, விமானத்துக்கு நான்கு மணி நேரம் முன்பு. பருத்தித்துறை நிலையம். சரியான பக்கத்தில் நின்று சரியான பஸ்ஸில் வந்தேன்.

யோகன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். முதலில் கேட்டது இதுதான்: “அந்த மட்டுவில் அம்மான்ரை கால் என்ன மாதிரி?”

“தப்பிவிட்டது.”

“ம்.” கைபேசியை எடுத்தார். “ராணி, ஒருக்கா ஸ்ராண்டுக்கு வா. இல்லை, ஒண்டுமில்லை. வா.”

அவர் மனைவி மீன் சந்தையிலிருந்து சைக்கிளில் வந்தார். கூடையில் வாழையிலையில் சுற்றிய மீன். யோகன் கடிதத்தைக் கொடுத்தார். அவர் நின்றபடியே வாசித்தார். உதடுகள் அசைந்தன. முடித்ததும் கணவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“ஆறு தரமுமோ?”

“ஆறு தரமும், அம்மா. நான் கேட்டேன்.”

அவர் கூண்டின் ஓரத்தில் இருந்த பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார். தாளை மறுபடி முதல் வரியிலிருந்து வாசித்தார். ஒரு பொய்யை எடுத்துவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்து வந்தவன் நான். அது இறங்கி இன்னொரு ஆளின் தோளில் ஏறுவதைப் பார்த்தேன். மூன்று ஆண்டுகள் தன் கணவரை அப்படிப் பார்த்த பார்வையை அந்தப் பெண் இனி என்ன செய்வார்? அதையும் செய்தவன் நான்.

“ஏன் நீங்கள் எனக்கு...” என்று யோகனிடம் தொடங்கி நிறுத்தினார்.

“சொன்னனான்தானே, ராணி” என்றார் அவர்.

யாழ்ப்பாண பஸ் புறப்படும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் ஒரு தடவை ஹார்ன் அடித்தார். நடத்துனர் படியில் தொங்கியபடி, “அண்ணை, நேரம்! நேரம்!” என்று கத்தினார். யோகன் ஒலிவாங்கியைத் தொடவில்லை. ஊன்றுகோலை எடுத்து, கூண்டைவிட்டு இறங்கி, மனைவி இருந்த பெஞ்சை நோக்கி நடந்தார்.